நட்டு இல்லாத போல்ட்

வேகத்தை அளந்தது யார்?

அமெரிக்காவில் டொர்னாடோ வீசியதாகச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஓர் எண்ணும் வந்து சேர்கிறது. மணிக்கு 338 கிலோமீட்டர் வேகக் காற்று ஓர் ஊரையே துடைத்தெடுத்துவிட்டது என்று படிக்கிறோம். பக்கத்திலேயே படம்: சுவர் ஒன்றுகூட மிச்சமில்லை, மரங்கள் பட்டை உரிந்து மொட்டையாக நிற்கின்றன, மின்கம்பங்கள் முறிந்து கிடக்கின்றன. கொஞ்சம் யோசிக்கிற வாசகருக்கு அங்கே ஒரு சந்தேகம் எழும். எல்லாமே போய்விட்ட இடத்தில் வேகத்தை அளந்த கருவி மட்டும் எப்படித் தப்பியது? அதுவும் 330 என்றோ 340 என்றோ சொல்லாமல், 338 என்று கடைசி இலக்கம் வரைக்கும்? இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. 210 மைல் என்ற முழு எண்ணைக் கிலோமீட்டருக்கு மாற்றியபோது முளைத்த துல்லியம் அது. முதல் கேள்விக்கான விடைதான் இந்த அத்தியாயம் முழுவதும். அங்கே கருவி எதுவும் இல்லை. அநேகமாக எந்த டொர்னாடோவிலும் இருப்பதில்லை.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நம் கடற்கரையைத் தாக்கும் புயல் கடலில் பிறக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். டொர்னாடோ வேறு சாதி. ஓர் இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண் அது. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர். ஆயுள் பெரும்பாலும் சில நிமிடம். இந்நூலில் அதைச் சுழற்காற்று என்றே சொல்லலாம். இவ்வளவு ஒடுக்கமான, இவ்வளவு சீக்கிரம் கலைந்துபோகிற ஒன்று, விமான நிலையத்திலோ வானிலை நிலையத்திலோ நட்டு வைத்திருக்கும் காற்றுமானியின் மீது சரியாக வந்து ஏறுவது அபூர்வம். ஏறினாலும் உச்சவேகம் வருமுன் கருவி உடைந்துவிடும். டிம் சமராஸ் என்ற பொறியாளர் 2003 ஜூனில் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரருகே, தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும் கூம்பு வடிவக் கருவியைச் சுழற்காற்றின் பாதையில் வைத்துவிட்டு விலகி ஓடினார். அது தலைமேல் கடந்தபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைக் கருவி பதிவு செய்தது. அப்படிப்பட்ட வெற்றிகளை இன்றுவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்காற்றுகள் பதிவாகின்றன.

ஒரே நாளில் இருநூறுக்கும் மேல்

2011 ஏப்ரல் 27 புதன்கிழமை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று தரையோடு வடக்கே ஏறிவர, அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட வேகக்காற்று வேறு திசையில் பாய்ந்தது. கீழ்க்காற்றும் மேல்காற்றும் வேகத்திலும் திசையிலும் முரண்படும்போது அவற்றுக்கிடையே மாட்டிய இடிமேகம் முழுதுமாகவே சுழலத் தொடங்குகிறது. அன்று அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, ஜார்ஜியா மாநிலங்களின் மேல் அப்படிச் சுழலும் மேகங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை இருநூறுக்கும் மேற்பட்ட சுழற்காற்றுகள். முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்ப்பலி. உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகச் சாய்ந்ததால், வடக்கு அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்துபோய் அதன் உலைகளை நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த ஒரு நாளில் மட்டும் நான்கு சுழற்காற்றுகளுக்கு மிக உயர்ந்த தரமான ஐந்து கொடுக்கப்பட்டது. மிசிசிப்பியில் ஃபிலடெல்ஃபியா, ஸ்மித்வில். அலபாமாவில் ஹேக்கல்பர்க், ரெய்ன்ஸ்வில். ஹேக்கல்பர்க்கைத் தாக்கியது 200 கிலோமீட்டருக்கும் மேல் தரையோடு ஓடி 72 பேரைக் கொன்றது. நாம் முதலில் பார்த்த 338 அதற்குக் கொடுத்த எண்தான். அதே மாலையில் டஸ்கலூசா நகரைக் கிழித்துக்கொண்டு பர்மிங்ஹாம் புறநகர் வரை போன சுழற்காற்று 64 பேரைக் கொன்றது. அதன் தரம் நான்கு, வேகம் 306. டஸ்கலூசாவுக்கு ஏன் ஐந்து கொடுக்கவில்லை என்பது வானிலை ஆர்வலர்களிடையே இன்றும் தீராத வழக்கு. ‘அளந்தவர்கள் குறைத்து அளந்துவிட்டார்கள்’ என்று ஒரு பக்கமும், ‘சரியாகத்தான் அளந்தார்கள்’ என்று மறுபக்கமும் வாதாடுகின்றன. இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிடுகின்றன. காற்றை யாருமே அளக்கவில்லை. அளந்தது வீடுகளை.

இடிபாட்டிலிருந்து காற்றுக்கு

இந்தத் தலைகீழ் வழியைத் திறந்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. ஜப்பானின் கியூஷு தீவில் 1920இல் பிறந்தவர். அணுகுண்டு விழுந்த சில வாரங்களில், இளம் விரிவுரையாளராக ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போய் இடிபாடுகளைப் பார்த்தார். குண்டு வெடித்த புள்ளிக்கு நேர்கீழே மரங்கள் கருகினாலும் நின்றன. சற்றுத் தள்ளியிருந்தவை எல்லாப் பக்கமும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. வெடிப்பை நேரில் காணாமலேயே, எங்கே, எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று சாய்ந்த பொருள்களை வைத்துச் சொல்லிவிடலாம் என்று அவர் கண்டுகொண்டார். துப்பறிவாளர் காலடித் தடத்திலிருந்து ஆளின் உயரத்தைச் சொல்வது போன்ற வேலை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அதே கண்ணோடு சுழற்காற்றின் தடங்களை விமானத்திலிருந்து படமெடுத்து ஆராய்ந்தார். 1971இல் பூச்சியத்திலிருந்து ஐந்து வரையான தன் அளவுகோலை வெளியிட்டார். கூரையின் மேல்தகடு பெயர்ந்தால் இவ்வளவு வேகம், சுவர் விழுந்தால் இவ்வளவு, வீடே காணாமல் போனால் ஐந்து.

ஐந்துக்கு அவர் கொடுத்த வேகம் மணிக்கு 420 முதல் 512 கிலோமீட்டர். அறிவார்ந்த ஊகம்தான் அது. சோதனைச்சாலையில் சரிபார்த்தது அல்ல. பின்னால் வந்த கட்டடப் பொறியாளர்கள், மரச்சட்ட வீடு பெயர்ந்துபோக அவ்வளவு வேகம் தேவையே இல்லை என்று கண்டார்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் அளவுகோல் திருத்தப்பட்டு 2007 பிப்ரவரியிலிருந்து ‘மேம்படுத்திய ஃபுஜிட்டா அளவுகோல்’ என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக இஎஃப். அதில் ஐந்து தொடங்குவது 322 கிலோமீட்டருக்கு மேல். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2006இல் ஒரு வீடு அடித்தளத்தோடு துடைக்கப்பட்டிருந்தால் காற்று 420ஐத் தாண்டியது என்று எழுதியிருப்பார்கள். அதே வீடு, அதே காற்று, அதே சேதம் 2008இல் நடந்திருந்தால் 322 என்று எழுதியிருப்பார்கள். இடையில் வானத்தில் எதுவும் மாறவில்லை. வீடுகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறியது.

ஒரு வீட்டைக் கழற்றிப் பார்ப்போம்

புதிய அளவுகோலில் 28 வகைப் பொருள்கள் சாட்சிக் கூண்டில் ஏறலாம்: வீடு, பள்ளிக்கூடம், பேரங்காடி, மின்கம்பம், மரம் என்று. இவற்றைச் சேதச் சாட்சிகள் என்போம். ஒவ்வொரு சாட்சிக்கும் லேசான சேதத்திலிருந்து முழு அழிவு வரை சேதப் படிகள் உண்டு. வழக்குகளில் பெரும்பாலும் பேசுகிற சாட்சி ஒரு குடும்பம் வாழும் தனிவீடு; அதற்குப் பத்துப் படிகள். செங்கல்லும் கான்கிரீட்டும் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வீட்டின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மரச்சட்டங்களை ஆணியடித்துச் சேர்த்த கூடு. வெளியே செங்கல் தெரிந்தாலும் பெரும்பாலும் அது போர்த்திய தோல்தான். பாரத்தை ஏந்துவது உள்ளே இருக்கும் மரம். செங்கல் குவியலைப் படத்தில் பார்த்து ‘கல்வீட்டையே பெயர்த்துவிட்டதே’ என்று வியப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று தன்னை நேராகத் தடுத்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 200இல் அது 190 கிலோ. 320இல் கிட்டத்தட்ட அரை டன். இனி நம் மாதிரி வீட்டின் மேல் காற்றை மெல்ல ஏற்றுவோம். 105 கிலோமீட்டரில் முதல் கீறல் தெரிகிறது. 127இல் கூரையோட்டில் கொஞ்சம் பறக்கிறது. 156ஐ நெருங்கும்போது கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவு உள்வாங்கி மடங்குகிறது. ஐந்து மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட அந்தத் தகட்டின் மேல் அப்போது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பாரம். கதவு போனதும் கதை மாறுகிறது. காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து முட்டுகிறது. மேலே ஓடும் காற்று ஏற்கெனவே கூரையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர, 196 வாக்கில் கூரையின் பெரும்பகுதி எழும்பிப் போகிறது. கூரைதான் சுவர்களின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது போனபின் 212இல் வெளிச்சுவர்கள் சாய்கின்றன. 245இல் நடுவிலுள்ள சிறிய அறைகள் மட்டும் மிஞ்சுகின்றன. 274இல் எல்லாச் சுவர்களும் தரையில். 322இல் பத்தாம் படி: சிமென்ட் தளம் மட்டும் துடைத்துவைத்தாற்போல் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் இதே சேதத்தை வேறு விதமாகப் படித்தார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். சுழற்காற்றின் நடுவில் அழுத்தம் குறைவு. ஆகவே உள்ளே அடைபட்ட காற்று வீட்டை வெடிக்கச் செய்கிறது. அதனால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று பல ஆண்டுகள் மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். சிதறிய வீட்டைப் பார்த்தால் வெடித்தாற்போலத்தான் இருக்கும். ஆனால் எந்த வீடும் காற்றுப் புகாத டப்பா அல்ல. அழுத்தம் இடுக்குகள் வழியே சமனாகிவிடும். கதவும் ஜன்னலும் திறந்தபிறகே கூரை போகிறது என்று நம் கணக்கு காட்டுகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பது கூரையை முட்டுகிற காற்றுக்கு வாசல் விடுகிற வேலை. சாட்சியைத் தவறாகப் படித்தால் எண் மட்டுமல்ல, அறிவுரையும் தப்பாகிவிடும்.

படிகளை மீண்டும் பாருங்கள். வீடு எந்த இடத்தில் தோற்கிறது? எந்த மரமும் முறிந்ததால் அது விழவில்லை. கூரைச் சட்டம் சுவரோடு சேருமிடம், சுவர் தன் அடிச்சட்டத்தோடு சேருமிடம், அடிச்சட்டம் சிமென்ட் தளத்தோடு சேருமிடம் ஆகிய மூட்டுகள் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. கூரையை இழுக்கும் விசை இந்த மூட்டுகள் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்க வேண்டும். இதைச் சுமைச் சங்கிலி என்று அழைப்போம். சங்கிலியின் பலம் அதன் நோஞ்சான் கண்ணியின் பலம். காற்று தேடிப்போவதும் அந்தக் கண்ணியைத்தான்.

போல்ட் இருந்தது, நட்டு இல்லை

மேலே சொன்ன வேகங்கள் வழக்கமான முறையில் ஒழுங்காகக் கட்டிய வீட்டுக்குரிய நடுமதிப்புகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. பத்தாம் படியின் கீழ் எல்லை 266, மேல் எல்லை 354. வீடு மட்டமாகக் கட்டப்பட்டிருந்தால் ஆய்வாளர் கீழே இறங்குவார். வழக்கத்தைவிட உறுதியாக இருந்தால் மேலே ஏறுவார். ஆகவே துடைத்துப்போட்ட தளத்தின் முன் நிற்கும் ஆய்வாளர் வானத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து தளத்தின் விளிம்பைப் பார்க்கிறார். சிமென்டில் பதித்த போல்ட்கள் நிற்கின்றனவா? எத்தனை அடிக்கு ஒன்று? அதன் மேல் வாஷரும் நட்டும் முடுக்கியிருந்தார்களா, அல்லது வெறும் ஆணியை அடித்துவிட்டுப் போனார்களா?

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று 2014 ஏப்ரல் 27 காட்டியது. அலபாமா பேரழிவு நடந்து சரியாக மூன்றாண்டு. அர்க்கன்சாஸில் விலோனியா என்ற ஊரில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதும் அடித்தளம் வரை துடைக்கப்பட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் ஐந்து என்றே நினைத்தார்கள். ஆய்வாளர்கள் குனிந்து பார்த்தார்கள். போல்ட்கள் சிமென்டில் நிமிர்ந்து நின்றன, நட்டுகளைத்தான் காணோம். வீடுகளின் அடிச்சட்டத்தில் துளையிட்டு போல்டை நுழைத்தவர்கள் அதை முடுக்காமலே விட்டிருந்தார்கள். வீடு தன் எடையால் மட்டுமே அங்கே உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டைத் தூக்க 322 தேவையில்லை. தரம் நான்கோடு நின்றது. கடைசித் திருகு திருகாமல் வீட்டுக்குப் போன ஏதோ ஒரு தொழிலாளியின் கை ஒரு சுழற்காற்றின் வரலாற்றுத் தரத்தைத் தீர்மானித்துவிட்டது. அங்கே அடித்த காற்று 322ஐத் தாண்டவில்லை என்று அந்த நான்கிலிருந்து முடிவுகட்ட முடியுமா? முடியாது. தாண்டியதைச் சொல்லத் தகுதியுள்ள சாட்சி அங்கே இல்லை. அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள்.

இன்னொரு நுட்பம். நான்காம் தரம் முடிவதும் 322. ஒழுங்காகக் கட்டிய வழக்கமான வீடு முழுவதுமாகத் துடைக்கப்படுவதும் 322. அதாவது சாதாரண அமெரிக்க வீடு அணு அணுவாகப் பறந்துபோனாலும் அதனால் நான்கின் உச்சி வரைதான் சாட்சி சொல்ல முடியும். ஐந்து என்று சொல்ல வேண்டுமானால், வழக்கத்தைவிட நன்றாகக் கட்டிய வீடு ஒன்று சுழற்காற்றின் மிக உக்கிரமான, மிக ஒடுக்கமான பகுதியில் இருந்து அழிய வேண்டும். டஸ்கலூசா வழக்கின் முடிச்சு இதுதான். அங்கே சேதமடைந்த வீடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள், சட்டங்களை வெறும் ஆணியால் பிணைத்த அறுந்த சங்கிலிகளைத்தான் மீண்டும் மீண்டும் கண்டார்கள்.

வயலில் ஓடியதால் மூன்று

வீடு மோசமாக இருந்தால் எண் குறைகிறது. வீடே இல்லாவிட்டால்? 2013 மே 31 மாலை ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊருக்குத் தெற்கே ஒரு சுழற்காற்று இறங்கியது. அதன் அகலம் 4.2 கிலோமீட்டர், பதிவானவற்றிலேயே மிக அகலமானது. அன்று ஆராய்ச்சிக் குழுக்கள் லாரியில் ஏற்றிய நடமாடும் ரேடார்களோடு அருகில் நின்றன. ஒரு ரேடார் மணிக்கு 475 கிலோமீட்டருக்குமேல் வேகத்தைப் பிடித்தது. அதை வைத்துத் தரம் ஐந்து என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த உக்கிரம் பெரும்பாலும் திறந்த வயல்களின்மேல் சுழன்றது. அங்கே அகப்பட்ட கட்டடங்களின் சேதம் மூன்றுக்குமேல் போகவில்லை. விதிப்படி தரம் சேதத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட வேண்டும். ஆகஸ்டில் ஐந்தை மூன்றாகக் குறைத்தார்கள். எட்டுப் பேர் இறந்த அந்தச் சுழற்காற்றில் மாண்டவர்களில் ஒருவர் டிம் சமராஸ். சுழற்காற்றின் பாதையில் கருவி வைத்து அதன் வேகத்தை அதனிடமே கேட்கலாம் என்று வாழ்நாளெல்லாம் முயன்றவர். அவரைக் கொன்ற காற்று அதிகாரப் பதிவேட்டில் மூன்றாம் தரமாக இருக்கிறது.

ரேடாரை நம்பினால் என்ன?

‘ரேடார்தான் இருக்கிறதே, இடிபாட்டை எதற்குக் கிளற வேண்டும்?’ நியாயமான கேள்வி. 1999 மே 3இல் ஓக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கிய சுழற்காற்றில் நடமாடும் ரேடார் 480 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தைப் பதிவு செய்தது. 2021இல் ஜோஷுவா வர்மன் குழுவினர் ரேடார் கண்ணில் அகப்பட்ட 120 சுழற்காற்றுகளை எடுத்து, ரேடார் வேகத்தையும் சேதத் தரத்தையும் ஒப்பிட்டார்கள். சேதம் சொன்னதைவிடச் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரைத் தரம் வரை உயரமாக ரேடார் சொன்னது. அவற்றில் ஐந்தில் ஒன்று நான்காம், ஐந்தாம் தர அழிவைச் செய்யக்கூடிய வலுவோடு இருந்தது; பதிவேட்டிலோ அப்படிப்பட்டவை நூற்றில் ஒன்றைச் சுற்றித்தான். பதிவேடு காற்றைக் குறைத்தே சொல்லிவந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம்.

ஆனாலும் ரேடாரைக் கொண்டு பதிவேட்டை மாற்றி எழுதிவிட முடியாது. நிலையான ரேடார் நிலையங்களின் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைந்து போகிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி அந்தக் கதிர் தரைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் மேகத்தைப் பார்க்கிறது. நடமாடும் ரேடார் இன்னும் தாழ்வாகப் பார்க்கும். ஆனால் அது போக முடிவது சமதரையான திறந்த வெளிகளுக்கே. 2011இல் அலபாமாவின் காட்டு மலைச்சரிவுகளில், இருநூறு சுழற்காற்றுகளுக்கு எத்தனை லாரியை அனுப்புவது? பக்கத்தில் போனாலும் அது பார்ப்பது தரைக்குச் சில பத்து மீட்டர் மேலே ஓடும் காற்றை. வீட்டின் கதவில் மோதும் காற்று அதுவேதானா என்பது தனி ஆராய்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, 1950 முதல் உள்ள சுழற்காற்றுகள் சேதத்தைக் கொண்டே தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. லாரி நின்ற இடத்தில் மட்டும் ரேடார் எண்ணையும் மற்ற இடத்தில் சேத எண்ணையும் எழுதினால், ஐம்பதாண்டுகளில் சுழற்காற்று வலுத்ததா இல்லையா என்ற கேள்வியைக் கேட்கவே முடியாது; லாரிகள் பெருகியதைத்தான் கணக்கில் காண்போம். ஒரே மாதிரித் தவறு செய்கிற அளவுகோல், தவறை மாற்றிக்கொண்டே இருக்கும் அளவுகோலைவிட ஒப்பீட்டுக்கு உதவும்.

பன்னிரண்டு ஆண்டு வராத ஐந்து

ஆனால் தவறு உண்மையிலேயே ஒரே மாதிரிதான் இருந்ததா? 2013 மே 20இல் மூர் நகரை மீண்டும் ஒரு சுழற்காற்று தாக்கி 24 பேரைக் கொன்றது. அதன் தரம் ஐந்து. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சுழற்காற்றுக்கும் ஐந்து கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் கெண்டக்கியின் மேஃபீல்டை அழித்து 57 பேரைக் கொன்றது கூட 306 கிலோமீட்டரில், நான்கில் நின்றது. வளிமண்டலம் திடீரென்று சாதுவாகிவிட்டதா? ரேடார்கள் அப்படிச் சொல்லவில்லை. போல்ட்களையும் நட்டுகளையும் ஆய்வாளர்கள் முன்பைவிடக் கறாராகக் குனிந்து பார்க்கத் தொடங்கியதுதான் மாறியது. ஐந்துக்கான வாசலை 322இலிருந்து 306க்கு இறக்கினால் பழைய காலத்தில் ஐந்துகள் வந்த அதே அடர்த்தி மீண்டும் கிடைத்துவிடுகிறது என்று 2025இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

வறட்சி முடிந்தது 2025 ஜூன் 20இல், வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே. மூன்று பேர் இறந்த அந்தச் சுழற்காற்றுக்கு முதலில் மூன்றாம் தரமே கொடுத்தார்கள். அந்த வெட்டவெளியில் வீடுகள் குறைவு. ஆனால் அது ஒரு சரக்கு ரயிலை மோதியிருந்தது. தானியம் ஏற்றிய பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. காலியான டாங்கர் பெட்டி ஒன்று தண்டவாளத்தைவிட்டுத் தூக்கி எறியப்பட்டிருந்தது. ரயில்பெட்டி அந்த 28 சாட்சிகளின் பட்டியலில் இல்லை. ஆனால் அது எந்தக் கொத்தனாரின் கைப்பதத்தையும் நம்பி நிற்பதல்ல. எடை தெரியும், வடிவம் தெரியும், எவ்வளவு விசையில் கவிழும் என்று கணக்குப் போடலாம். பொறியாளர்கள் போட்டார்கள். அக்டோபரில் தரம் ஐந்தாக உயர்ந்தது, வேகம் 338க்கு மேல் என்று. பட்டியலுக்கு வெளியே இருந்து வந்த சாட்சிதான் கடைசியில் நம்பகமாகப் பேசியது.

‘எதுவும் நிற்காது’ என்ற பேச்சு

சாட்சிகள் சொன்னவற்றை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் படிக்கும்போது ஒரு மறுப்பு வருகிறது. ஐந்தாம் தரக் காற்றில் எந்த வீடும் நிற்காது. பிறகு நட்டைத் திருகினால் என்ன, திருகாவிட்டால் என்ன? இந்தக் கேள்வி ஓர் எண்ணை ஊர் முழுவதற்கும் பூசிவிடுகிறது. சுழற்காற்றின் தரம் என்பது அது தன் வாழ்நாளில் ஒரே ஓர் இடத்தில் செய்த உச்சச் சேதத்தின் தரம். 2011 மே 22இல் மிசூரியின் ஜாப்ளின் நகரில் 150க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் ஐந்தாம் தரம்தான். ஆனால் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் குழு ஒன்று அங்கே வீடு வீடாகப் பார்த்து, சேதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இரண்டாம் தரத்திலோ அதற்குக் கீழோ உள்ள காற்றால், அதாவது 217 கிலோமீட்டருக்கு உட்பட்ட காற்றால் நிகழ்ந்தது என்று கணக்கிட்டது. நடுவிலிருக்கும் ஒடுக்கமான கோட்டில் எதையும் காப்பாற்ற முடியாது. உயிரைக் காக்க நிலத்தடி அறையோ கான்கிரீட் காப்பறையோதான் வழி. அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்த பெரும்பான்மை வீடுகளைப் பொறுத்தவரை, போனது கூரையா குடும்பமா என்பதைத் தீர்மானித்தவை நட்டும் ஆணியும் கதவும்தான்.

மூர் நகரம் இதைச் சட்டமாக்கியது. 1999, 2013 என்று இரண்டு முறை ஐந்தாம் தரத்தைப் பார்த்த அந்த ஊர், புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்று 2014இல் விதித்தது. சுழற்காற்றை மனதில் வைத்து வீட்டுக் கட்டட விதியை மாற்றிய முதல் அமெரிக்க நகரம் அது. கூரைச் சட்டங்களை உலோகப் பட்டைகளால் சுவரோடு பிணைக்க வேண்டும், சுவர்ப் பலகைகளை அடிச்சட்டம் வரை தொடர்ச்சியாக ஆணியடிக்க வேண்டும், கார் அறைக் கதவு காற்றைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். செலவு ஏறும், வீடு விற்காது, கட்டுபவர்கள் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். பின்னர் சந்தையை ஆராய்ந்த பொருளியலாளர்கள் விலையிலோ விற்பனையிலோ அப்படிப்பட்ட பாதிப்பு எதையும் காணவில்லை.

இதில் ஒரு வேடிக்கை மிச்சமிருக்கிறது. அப்படிக் கட்டிய தெருவின்மேல் நாளை 210 கிலோமீட்டர் காற்றோடு ஒரு சுழற்காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வீடாக இருந்தால் வெளிச்சுவர்கள் சாய்ந்திருக்கும். புதிய வீட்டில் கூரையோடுகள் கொஞ்சம் பறந்திருக்கும், ஒரு ஜன்னல் உடைந்திருக்கும். மறுநாள் காலை குறிப்பேட்டோடு வரும் ஆய்வாளர் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு ஒன்று என்றோ, பூச்சியம் என்றோ எழுதிவிட்டுப் போவார்.